கல்லறைக் காணியில் தொடங்கிய சங்கங்கள்: நியூயோர்க் நகரில் யூதக் குடிவரவாளர்கள் வேரூன்றிய விதம்

புலம்பெயர்ந்த எம்மவர்களின் கூட்டம் ஒன்றில் யாராவது ஒலிவாங்கியைக் கையில் எடுத்தால், பேச்சு முடிவதற்குள் "யூதர்களைப் பாருங்கள்" என்ற வசனம் ஒரு தடவையாவது வந்துவிடும். ரொரன்ரோவில் இருபது வருடங்களுக்கு மேலாக இதைக் கேட்டு வருகிறேன். சொல்பவரின் மனதில் இருப்பது பெரும்பாலும் ஒரு நாடு, ஓர் இராணுவம், சில பெரும் பணக்காரர்கள். கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியவர்களுக்கு, அந்த விமானத்தைச் செய்து விற்ற நாட்டின் பெயர் வேறு நினைவுகளைத்தான் தரும். இந்தக் கட்டுரை அந்த நாட்டைப் பற்றியதல்ல. 1880 களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது வருடங்களாக நியூயோர்க் துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கி, தையல் மெசினுக்கு முன்னால் முதுகு வளைந்து, கடைசியில் அந்த நகரத்து மனிதர்களாகவே மாறிப்போன ஏழை யூதர்களைப் பற்றியது. ஊர்ச்சங்கம் ஒன்றின் கணக்கு வழக்குகளைச் சில காலம் பார்த்தவன் என்ற வகையில், அவர்கள் அமைத்த சின்னச் சின்னச் சங்கங்களில் எனக்குத் தனி அக்கறை உண்டு. எமது மேடைகளில் சொல்லப்படும் யூதர் கதையில் இந்தச் சங்கங்கள் வருவதே இல்லை.

நியூயோர்க்கிற்கு முதன்முதல் கூட்டமாக வந்த யூதர்கள் 23 பேர். 1654 இல் பிரேசிலின் ரெசிபே நகரைப் போர்த்துக்கேயர் திரும்பப் பிடித்தபோது அங்கிருந்து தப்பி வந்தவர்கள். அப்போது அந்த இடம் டச்சுக்காரரின் நியூ அம்ஸ்ரர்டாம். ஆளுநராக இருந்த பீற்றர் ஸ்டைவசன்ட் அவர்களை உடனே வெளியேற்ற விரும்பினார். அம்ஸ்ரர்டாமில் இருந்த டச்சு மேற்கிந்தியக் கம்பனி அதற்கு இணங்கவில்லை. 1655 இல் அது அவர்களுக்கு வதிவிட அனுமதி கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. அவர்களிடையே உள்ள ஏழைகள் கம்பனிக்கோ ஊருக்கோ சுமையாகக் கூடாது, அவர்களை அவர்களின் இனத்தவரே பராமரிக்க வேண்டும் என்பதே அது. அடுத்த வருடம் இறந்தவர்களைப் புதைக்க ஒரு துண்டுக் காணி கிடைத்தது. பகிரங்கமாக வழிபடுவதற்கென்று ஒரு தொழுகைக்கூடம் கட்டி முடிக்க 1730 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோயிலுக்கு எழுபது வருடங்களுக்கு முன்பே அவர்களுக்கு மயானம் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜேர்மன் மொழி பேசும் யூதர்கள் வந்தார்கள். தோளில் பொதி சுமந்து விற்றவர்கள் கடை வைத்தார்கள், கடை வைத்தவர்களில் சிலர் வங்கி வைத்தார்கள். 1880 அளவில் நகரத்தில் சுமார் 80,000 யூதர்கள் இருந்தனர். வசதியானவர்கள் மன்ஹற்றனின் வடக்குப் பக்கம் குடியேறிவிட்டனர். அந்த நேரத்தில்தான் கிழக்கிலிருந்து வெள்ளம் வந்தது.

1881 இல் ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் மேல் விழுந்தது. தெற்கு ரஷ்யாவின் ஊர்களில் கடைகளும் வீடுகளும் உடைக்கப்பட்டன. 1882 இல் வந்த சட்டங்கள் யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. 1903 இல் கிஷினேவ் நகரில் நடந்த வெறியாட்டத்தில் 49 பேர் கொல்லப்பட்டார்கள். 1905, 1906 இல் இன்னும் மோசமானவை நடந்தன. இருந்தாலும் புறப்பட்டவர்கள் எல்லோரும் கத்திக்கும் தீக்கும் தப்பி ஓடியவர்கள் என்று சொல்வது முழு உண்மையாகாது. பிழைப்புக்கு வழியில்லாமல் வந்தவர்கள், சாரின் இராணுவத்துக்கு ஆள் பிடிக்க வருவார்கள் என்று பயந்து வந்தவர்கள், முன்னரே போன தமையன் கப்பல் சீட்டு அனுப்பியதால் வந்தவர்கள் எனப் பலவகை. அகதி யார், பிழைக்க வந்தவர் யார் என்று இன்று குடிவரவு அதிகாரிகள் எம்மிடம் கேட்கும் கேள்விக்கு அவர்களாலும் ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்க முடியாது. ஒன்று மட்டும் தெளிவு. அதே காலத்தில் வந்த இத்தாலியர்களில் கணிசமானோர் உழைத்த காசோடு ஊர் திரும்பினார்கள். யூதர்களில் திரும்பியவர்கள் மிகக் குறைவு. திரும்பிப் போக இடமில்லாத சனம், வந்த இடத்தில் காலூன்றுவதைப் பற்றி வேறு விதமாகத்தான் யோசிக்கும்.

1924 வரை அமெரிக்காவுக்கு இப்படி இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் வந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் நியூயோர்க்கைத் தாண்டிப் போகவில்லை. 1910 அளவில் நகரத்து யூதர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. முதலில் எல்லோரும் நெருக்கியடித்த இடம் மன்ஹற்றனின் கீழ்க்கிழக்குப் பகுதி. அங்கே சில தெருக்களில் ஓர் ஏக்கருக்கு எழுநூறு பேர் அளவில் வாழ்ந்தார்கள்.

ஓர்ச்சாட் வீதியில் 97 ஆம் இலக்கக் கட்டடம் இப்போது நூதனசாலையாக இருக்கிறது. 1863 இல் கட்டப்பட்ட ஐந்து மாடிக் கட்டடம். 1935 இல் மேல்மாடிகளை மூடிவிட்டுப் போனவர்கள் அப்படியே விட்டுப் போனதால், சுவரில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய கடதாசிகள்கூட அப்படியே இருக்கின்றன. எழுபது வருடங்களில் அங்கே சுமார் 7,000 பேர் குடியிருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு மூன்று அறைகள். மொத்தமே 325 சதுர அடி. யன்னல் வெளிச்சம் முன்னறைக்கு மட்டும்தான். நடுவில் குசினி, அதற்குப் பின்னால் காற்றே வராத படுக்கையறை. மலசலகூடங்கள் பின்வளவில் இருந்தன. இரண்டு குடும்பத்துக்கு ஒரு மலசலகூடமாவது கட்டடத்துக்குள் இருக்க வேண்டும் என்று 1901 இல் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது. அந்த முன்னறையில் பகலில் சட்டை தைப்பார்கள். இரவில் வாடகைக்கு வைத்த இளந்தாரிகள் அதே அறையில் படுப்பார்கள். தொண்ணூறுகளில் ரொரன்ரோவின் தொடர்மாடிகளில் ஒரு அறைக்குள் ஆறு பேர் முறை வைத்துப் படுத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வடக்கே இருந்த ஜேர்மன் யூதர்களுக்கு இந்தச் சனத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தாடியும் முக்காடும், சந்தைச் சத்தமும், "கொச்சை ஜேர்மன்" என்று அவர்கள் முகம் சுளித்த யிடிஷ் மொழியும் தங்கள் மரியாதையையும் கெடுத்துவிடும் என்று பயந்தார்கள். ஆனாலும் கைவிடவில்லை. 1655 இன் நிபந்தனை அவர்கள் காதில் இன்னமும் ஒலித்துக்கொண்டிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துறைமுகத்தில் வந்திறங்குபவர்களுக்குத் தங்குமிடமும் மொழிபெயர்ப்பாளரும் கொடுக்க அமைப்புகள் வந்தன. கிழக்கு புரோட்வேயில் 'கல்விக் கூட்டமைப்பு' என்ற பெரிய கட்டடம் எழுந்தது. அங்கே இங்கிலிஷ் வகுப்பு, குடியுரிமை வகுப்பு, வாசிகசாலை, குளிக்கும் வசதி எல்லாம் இருந்தன. ஆரம்பத்தில் யிடிஷுக்கு அங்கே இடமில்லை. உதவி கிடைத்தது, அதோடு சேர்ந்து ஒரு பார்வையும் கிடைத்தது. வந்தவர்களை நகரத்திலிருந்து பரவலாக்க 1901 இல் ஓர் அலுவலகம் திறந்து, அடுத்த இருபது வருடங்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்நாட்டின் சிறு நகரங்களுக்கு அனுப்பியும் பார்த்தார்கள். மொத்தத் தொகையில் அது சிறு பங்கு. வந்தவர்கள் ஊரவர் இருக்கும் தெருவைத்தான் தேடினார்கள்.

ஊரவர் என்பதற்கு யிடிஷில் 'லாண்ட்ஸ்மான்' என்று சொல். ஊர்ச்சங்கத்துக்கு 'லாண்ட்ஸ்மான்ஷாஃப்ட்'. போலந்திலும் உக்ரைனிலும் லித்துவேனியாவிலும் இருந்த, வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத சின்ன ஊர்களின் பெயரில் நியூயோர்க்கில் ஆயிரக்கணக்கான சங்கங்கள் உருவாகின. 1917–18 இல் நகரத்து யூத அமைப்புகளைக் கணக்கெடுத்தபோது 3,600 க்கும் மேற்பட்டவை பதிவாகின. அவற்றில் பெரும் பங்கு இப்படியான ஊர்ச்சங்கங்களும் சிறு தொழுகைக்கூடங்களும். ஒரே ஊருக்கு இரண்டு, மூன்று சங்கங்கள் இருந்ததும் உண்டு. பக்திமான்களுக்கு ஒன்று, சோசலிசக்காரருக்கு ஒன்று, இளைஞருக்கு ஒன்று. தலைவர் பதவிக்குச் சண்டை வந்து பிரிந்தவையும் உண்டு. இதையும் நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சங்கங்கள் என்ன செய்தன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதல் வேலை, மயானத்தில் காணி வாங்குவது. அந்நிய மண்ணில் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நடுவே புதைபட்டுப் போவோமோ என்ற பயம் புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் இருந்தது. அதனால் ஊரவர்கள் சேர்ந்து ஒரு துண்டை வாங்கி, வேலி அடைத்து, வாசலில் ஊரின் பெயரைப் பொறித்தார்கள். குயீன்ஸ் பகுதியில் உள்ள மவுண்ட் ஹெப்ரோன் மயானத்துக்கு ஒருநாள் போயிருந்தேன். வரிசை வரிசையாக அந்த வாசல்கள் நிற்கின்றன. கல்தூண்களில் ஊரின் பெயர், அதன் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர், கட்டடக்குழு உறுப்பினர்கள் என்று நீண்ட பட்டியல். ஊர்க்கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் உபயகாரர் பெயர் பொறிக்கும் எம்மவர்களுக்கு அந்தத் தூண்கள் அந்நியமாகத் தெரியாது.

இரண்டாவது, நோய்ப்பணம். உறுப்பினர் காய்ச்சலில் படுத்து வேலைக்குப் போகாவிட்டால் கிழமைக்கு ஒரு தொகை. போய்ப் பார்த்து உண்மையிலேயே நோய்தானா என்று உறுதி செய்ய ஒரு குழுவும் இருக்கும். மூன்றாவது, சங்க வைத்தியர். ஒரு வைத்தியரோடு ஒப்பந்தம் செய்து, தலைக்கு இவ்வளவு என்று வருடாந்தம் கொடுத்துவிடுவார்கள். உறுப்பினரின் குடும்பம் எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவர் படியேறி வர வேண்டும். இளம் வைத்தியர்களுக்கு அது நிச்சய வருமானம், ஆனால் முறிக்கும் வேலை. நான்காவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. யூத வழக்கப்படி நெருங்கிய உறவு இறந்தால் ஏழு நாள் வீட்டில் இருந்து துக்கம் காக்க வேண்டும். நாட்கூலித் தையல்காரர் ஏழு நாள் வீட்டில் இருந்தால் அடுப்பு எரியாது. அந்த ஏழு நாள் கூலியைச் சங்கம் கொடுத்தது. வைத்தியசாலைகளும் காப்புறுதிக் கம்பனிகளும் செய்யாத வேலை அது.

இவை எதுவும் தர்மமாகக் கொடுக்கப்படவில்லை. எல்லோரும் சந்தா கட்டினார்கள், எல்லோருக்கும் உரிமை இருந்தது. நிவாரண வரிசையில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். கூட்டக் குறிப்பு எழுதவும், வாக்கெடுக்கவும், யாப்புத் திருத்தவும், கணக்காய்வாளரைத் தெரிவு செய்யவும் சாரின் நாட்டில் வாக்குரிமையே அறியாதவர்கள் இங்கேதான் பழகினார்கள். ஜனநாயகம் பற்றி வகுப்பில் படித்ததைவிட, சங்கத் தேர்தலில் சத்தம் போட்டுப் படித்தது அதிகம்.

கடனுக்கும் ஒரு வழி இருந்தது. 1892 இல் கீழ்க்கிழக்குப் பகுதித் தொழுகைக்கூடம் ஒன்றில் சிலர் கூடி 95 டொலர் சேர்த்து 'எபிரேய வட்டியில்லாக் கடன் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஐந்து டொலர், பத்து டொலர் என்று கொடுத்தார்கள். தள்ளுவண்டி வாங்க, தையல் மெசினுக்கு முற்பணம் கட்ட, அது போதும். வட்டி இல்லை, பிணை நிற்க ஆள் வேண்டும். பிணை நிற்பவர் பெரும்பாலும் அதே ஊரவர். கடனைத் திருப்பாவிட்டால் ஊர் முழுவதற்கும் தெரிந்துவிடும். அந்தச் சங்கம் இன்றும் நியூயோர்க்கில் இயங்குகிறது. வடக்கில் நுண்கடன் கம்பனிகளிடம் மாட்டிக்கொண்ட பெண்கள் கிழமைக்குக் கிழமை படும் பாட்டை அறிந்தவர்கள், 95 டொலரின் பெறுமதியைத் தாங்களே மட்டுக்கட்டலாம்.

பத்திரிகையும் ஒரு சங்கம் மாதிரித்தான் இயங்கியது. 1897 இல் தொடங்கிய 'ஃபோர்வெர்ட்ஸ்' யிடிஷ் நாளேடு, ஆபிரகாம் கஹான் ஆசிரியராக இருந்த காலத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. சோசலிசப் பத்திரிகை. ஆனால் புரட்சியோடு சேர்த்து, மகன் விளையாடும் பேஸ்போல் என்றால் என்ன என்று தகப்பனுக்குப் படம் போட்டும் விளக்கியது. 1906 இல் 'பிந்தல் பிரீஃப்' என்ற வாசகர் கடிதப் பகுதி வந்தது. கடிதக்கட்டு என்று பொருள். ஊரில் விட்டுவந்த பெற்றோர், பிள்ளைகளின் காதல், வேலைத்தள அவமானம், கடவுள் நம்பிக்கை போனது என எல்லாவற்றையும் சனம் எழுதிக் கேட்டது. எழுதத் தெரியாதவர்கள் ஆள் பிடித்து எழுதுவித்தார்கள். ஆசிரியர் பதில் எழுதினார்.

அதே பத்திரிகையில் இன்னொரு பகுதியும் வந்தது. காணாமற்போன கணவர்களின் படங்கள். முதலில் கப்பலேறி வந்த ஆண், ஊரில் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே வேறு குடும்பம் தொடங்குவதும், வறுமை தாங்காமல் இங்கேயே குடும்பத்தை விட்டு ஓடுவதும் சாதாரணமாக நடந்தன. 1911 இல் இவர்களைத் தேடிப் பிடிக்கவே யூத அமைப்புகள் தனி அலுவலகம் திறந்தன. யூதச் சட்டப்படி கணவன் விலக்குப் பத்திரம் கொடுக்காவிட்டால் அந்தப் பெண் மறுமணம் செய்ய முடியாது. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத கணவனுக்காகக் காத்திருக்கும் பெண்களின் கதை எமக்கும் உண்டு, காரணம் முற்றிலும் வேறு. ஆனால் "யூதர்களைப் பாருங்கள்" என்று சொல்பவர்கள் இந்தப் படப்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். புலம்பெயர்வு குடும்பங்களைப் பிய்த்தது. அவர்கள் அதை மறைக்காமல் பத்திரிகையில் படம் போட்டார்கள்.

பாடசாலைதான் யூதர்களை உயர்த்தியது என்பது எல்லோரும் சொல்வது. உண்மை கொஞ்சம் பிந்தி வந்தது. முதல் தலைமுறையின் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பதினான்கு வயதில் வேலைக்குப் போனார்கள். முதலில் அப்பாவின் கடை, தொழிற்சங்கம் பெற்றுக்கொடுத்த கூடிய சம்பளம், அதற்குப் பிறகுதான் கடைசிப் பிள்ளைக்குப் படிப்பு. கட்டணம் இல்லாத நகரக் கல்லூரி இருந்தது பெரிய கொடுப்பினை. போலியோ தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க், உடுப்புத் தொழில் குடும்பம் ஒன்றில் பிறந்து 1934 இல் அங்கே பட்டம் பெற்றவர். அதே காலத்தில் கட்டணம் வாங்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர் தொகையைக் குறைக்க வழி தேடின. 1920 களில் கொலம்பியாவில் அவர்களின் பங்கு ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. தரப்படுத்தலைக் கண்டவர்களுக்கு அந்தப் பெற்றோரின் மனநிலை விளங்கும்.

பாடசாலையோடு தொடர்புபட்ட ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1906 ஜூன் மாதம், கீழ்க்கிழக்குப் பகுதிப் பாடசாலை ஒன்றில் வைத்தியர்கள் வந்து பிள்ளைகளின் மூக்குக்குப் பின்னால் வளரும் சதையை அகற்றும் சிறு சத்திரசிகிச்சையைச் செய்தார்கள். பெற்றோரின் சம்மதம் கேட்டு அனுப்பிய கடிதம் பலருக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் வாயில் இரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். ஜூன் 27 ஆம் திகதி, வைத்தியர்கள் பிள்ளைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று ஒரு கதை தெருத் தெருவாகப் பரவியது. ஆயிரக்கணக்கான தாய்மார் பாடசாலைகளை நோக்கி ஓடினார்கள். கதவுகளில் மோதினார்கள், யன்னல்களுக்குக் கல்லெறிந்தார்கள், பிள்ளைகளை வெளியே விடச் சொல்லி அலறினார்கள். பொலிஸ் வந்தது. அதிபர்கள் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையை முழுதாகக் கண்டதும் தாய்மார் அடங்கிப் போனார்கள்.

ஒன்றும் தெரியாத சனத்தின் மூடத்தனம் என்று அன்று பலர் சிரித்தார்கள். ஆனால் இரண்டு கிழமைக்கு முன்னர்தான் பியலிஸ்ரொக் நகரில் யூதர்கள் கொத்தாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். யிடிஷ் பத்திரிகைகள் நாளாந்தம் அந்தச் செய்திகளால் நிரம்பி இருந்தன. சீருடை போட்ட அரசு ஆட்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் பிள்ளைகளை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தத் தாய்மாருக்கு அதற்கு ஒரு பொருள்தான் இருந்தது. உடம்பு நியூயோர்க்குக்கு வந்துவிட்டது, காது இன்னும் ஊரில்தான் இருந்தது. கனடாவில் நதிக்கரையில் வாணவேடிக்கை வெடிக்கும்போது மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாங்கள்.

அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள். லில்லியன் வால்ட் என்ற தாதி 1893 இல் அந்தத் தெருக்களுக்கே குடிவந்து, படியேறிப் போய் நோயாளிகளைப் பார்த்தார். ஜேர்மன் யூத வசதியான குடும்பத்துப் பெண். ஹென்றி வீதியில் அவர் அமைத்த நிலையத்தின் தாதிமார், ஏழை வீட்டுக்குள் நுழையும்போது விருந்தினராக நுழைந்தார்கள். நகரப் பாடசாலைகளுக்குத் தாதிமாரை நியமிக்கும் வழக்கமும் அங்கிருந்துதான் தொடங்கியது.

வேலைத்தளத்துக்கு வருவோம். 1909 நவம்பர் 22, கூப்பர் யூனியன் மண்டபம். தலைவர்கள் இரண்டு மணித்தியாலமாகப் பேசிக்கொண்டிருக்க, 23 வயதான கிளாரா லெம்லிச் எழுந்து யிடிஷில் பொது வேலைநிறுத்தத்தை முன்மொழிந்தார். இருபதாயிரம் பேர், பெரும்பாலும் யூத, இத்தாலியப் பெண்பிள்ளைகள், தெருவுக்கு இறங்கினார்கள். பல முதலாளிகள் இறங்கி வந்தார்கள். இறங்காதவற்றில் ஒன்று ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள், பலர் மேல்மாடி யன்னல்களிலிருந்து குதித்து. முதலாளிகள் இருவரும் ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடிவரவாளர்களே. அந்த வருட இறுதியில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. எரிந்த பிள்ளைகளும் யூதர், பூட்டியவரும் யூதர் என்பதை யிடிஷ் பத்திரிகைகள் மூடி மறைக்கவில்லை. ஒற்றுமை என்ற சொல்லால் கூலிக் கணக்கைத் தீர்க்க முடியாது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. தெருவில் நின்று அந்தத் தீயைப் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண் 1933 இல் அமெரிக்காவின் தொழில் அமைச்சரானார். நியூயோர்க் மாநிலத்தின் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் பல அந்தச் சாம்பலிலிருந்து வந்தவை. யூதர்கள் நகரத்தோடு கலந்தார்கள் என்று சொல்கிறோம். நகரமும் அவர்களால் மாறியது, அதன் சட்டப் புத்தகம் உட்பட.

1908 இல் நகரப் பொலிஸ் ஆணையாளர் தியடோர் பிங்கம், குற்றவாளிகளில் பாதிப்பேர் யூதர்கள் என்று ஒரு சஞ்சிகையில் எழுதினார். கணக்குப் பிழை. எதிர்ப்பு எழுந்ததும் வாபஸ் வாங்கினார். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். வடக்கும் தெற்கும் சேர்ந்து 'கெஹிலா' என்ற பொது அமைப்பை யூதா மக்னஸ் தலைமையில் உருவாக்கினார்கள். பழியை மறுத்ததோடு நிற்காமல், தங்கள் தெருக்களில் சூதும் விபசாரமும் இருப்பதை ஒப்புக்கொண்டு, 1912 இல் சொந்தமாகத் துப்பறிவாளரை வைத்துத் தகவல் திரட்டினார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் ரொரன்ரோவில் எமது இளைஞர் குழுக்கள் ஆளையாள் சுட்டுக்கொண்ட நாட்களில், "பத்திரிகைக்காரன் பெருப்பிக்கிறான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ கூட்டங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. கெஹிலா 1922 இல் கலைந்தது. பத்து இலட்சம் பேருக்கு ஒரே குரல் என்பது அவர்களாலும் முடியவில்லை. சின்னச் சங்கங்கள் அதைத் தாண்டி நிலைத்தன.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டுக்கோப்பும் கடின உழைப்பும் மட்டும் அவர்களை ஏற்றிவிடவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டம் குடியுரிமை பெற "வெள்ளையராக" அல்லது ஆபிரிக்க வம்சாவளியினராக இருக்க வேண்டும் என்றது. யூதர்கள் மேல் எவ்வளவு வெறுப்பு இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெள்ளையர். ஐந்து வருடத்தில் வாக்குரிமை கிடைத்தது. வாக்கு இருந்ததால் அரசியல்வாதிகள் படியேறி வந்தார்கள். 1914 இல் கீழ்க்கிழக்குப் பகுதி மேயர் லண்டன் என்ற சோசலிச வழக்கறிஞரைக் காங்கிரசுக்கே அனுப்பியது. அதே அமெரிக்காவில் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதலாம் உலகப்போரில் அமெரிக்க இராணுவச் சீருடை அணிந்தவர், 1923 இல் உச்ச நீதிமன்றத்தால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டார். யூதர்களோடு எம்மை ஒப்பிட்டுப் பேசுபவர்கள் இந்தத் தீர்ப்பையும் வாசித்துவிட்டுப் பேசலாம்.

1903 இல் வில்லியம்ஸ்பேர்க் பாலம் திறந்தது. சுரங்க ரயில் வந்தது. காசு கொஞ்சம் சேர்ந்தவர்கள் புரூக்ளினுக்கும் பிறொங்ஸுக்கும் போனார்கள். பிள்ளைகள் இங்கிலிஷில் பேசினார்கள். யிடிஷைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் தலைமுறை ஒன்று, அதற்குப் பிறகு பாட்டி திட்டும் நாலைந்து சொற்களை மட்டும் அறிந்த தலைமுறை ஒன்று. சங்கக் கூட்டக் குறிப்புகளும் யிடிஷிலிருந்து இங்கிலிஷுக்கு மாறின.

1924 இல் அமெரிக்கா கதவை மூடியது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வருபவர் தொகை, 1890 குடிசன மதிப்பில் அந்நாட்டவர் இருந்த அளவின் இரண்டு வீதமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1890 ஐத் தெரிவு செய்ததே, கிழக்கு ஐரோப்பியர் பெருந்தொகையாக வருவதற்கு முந்திய வருடம் என்பதால். ஊரில் மிஞ்சியவர்கள் மிஞ்சியபடியே நின்றார்கள். முதலாம் உலகப்போருக்குப் பிறகு சங்கங்கள் ஊருக்கு ஆள் அனுப்பி, கையில் காசு கொண்டுபோய்ப் பாடசாலையும் குளிப்பறையும் திருத்திக் கொடுத்திருந்தன. 1939 க்குப் பிறகு கடிதங்கள் நின்றன.

1945 இல் சங்கங்களுக்குத் தெரிய வந்தது, தங்கள் வாசல் தூணில் இருக்கும் பெயருக்கு உரிய ஊர் இப்போது இல்லை என்பது. உயிர் தப்பியவர்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடுத்த சில வருடங்களில் அமெரிக்காவுக்கு வந்தார்கள், பெரும்பகுதி நியூயோர்க்கிற்கு. அவர்களை வரவேற்க 1949 இல் தனி நிறுவனம் அமைத்து, அறை பிடித்துக் கொடுத்து, வேலை தேடிக் கொடுத்தார்கள். ஆனால் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தால், "அதை மற, புது வாழ்க்கையைத் தொடங்கு" என்று வாயடைத்தார்கள். முன்னரே வந்த உறவினருக்குக் கேட்கத் தைரியமில்லை. சமூக உத்தியோகத்தர்களின் படிவத்தில் அதற்கு இடமில்லை. 2009 க்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து உறவினர் வீட்டு வரவேற்பறையில் பேச்சை மாற்றப் பழகிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

தப்பி வந்தவர்கள் தங்கள் பேச்சை ஊர்ச்சங்கத்தில்தான் பேசினார்கள். அங்கே தெருப் பெயரையோ ஆட்களையோ விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சிலிருந்து 'இஸ்கோர்' நூல்கள் வந்தன, நினைவு நூல்கள். லோட்ஸ் நகரத்துக்கான நூல் போர் நடந்துகொண்டிருந்த 1943 இலேயே நியூயோர்க்கில் அச்சானது. பிறகு நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு வந்தன. எழுதியவர்களில் எழுத்தாளர் சிலர்தான். மற்றையோர் தையல்காரர், இறைச்சிக்கடைக்காரர், ஆசிரியர். சந்தை எங்கே, கிணறு எங்கே, யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்று நினைவிலிருந்து கீறிய ஊர்ப்படம் ஒன்று இருக்கும். ஊரின் பைத்தியக்காரர், பாடகர், கருமி, சண்டைக்காரர் எல்லோரும் வருவார்கள். கடைசிப் பக்கங்களில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், குடும்பம் குடும்பமாக. நிகழ்வுகளில் பிழைகள் உண்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பதும் உண்டு. இன்று வரலாற்றாசிரியர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். நியூயோர்க் பொது நூலகம் தன்னிடமுள்ளவற்றில் பெரும்பாலானவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. எமது ஊர்ச்சங்கங்கள் வருடாவருடம் வெளியிடும் மலர்களில் வாழ்த்துச் செய்திக்கு எத்தனை பக்கம், 2009 இல் இறந்தவர்களின் பெயருக்கு எத்தனை பக்கம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். சங்கத்தில் அதைச் சொன்னபோது, பெயர்களைத் திரட்ட ஒரு குழு போடலாம் என்றார்கள். மூன்று பேர் முன்வந்தார்கள். முதல் வருடத்தில் ஒரு கிராமசேவையாளர் பிரிவு முடிந்தது.

அந்த யூதச் சங்கங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சங்கம் தேவைப்படவில்லை. குறிப்பேடுகளும் முத்திரைகளும் பதினாறாம் வீதியில் உள்ள யிவோ ஆய்வு நிலையத்தின் பெட்டிகளில் இருக்கின்றன. கல்லறைக் காணிகள் மட்டும் இன்னும் முற்றாக நிரம்பவில்லை. நிர்வாகக் குழுவின் கடைசி ஆளும் போய்விட்டால், அந்தக் காணியின் பொறுப்பை நியூயோர்க் மாநிலத்தின் ஓர் அலுவலகம் ஏற்கிறது. முறிந்துபோன காப்புறுதிக் கம்பனிகளைப் பொறுப்பெடுக்கும் அதே அலுவலகம். தாயையோ தகப்பனையோ ஊரவர் பக்கத்தில் அடக்கம் செய்ய விரும்பும் பிள்ளைகள், சங்கத்தின் பெயரையும் உறுப்புரிமையையும் நிரூபித்து அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.